மூன்றாவது தடவையும் கேஸ் ஏற்ற வேண்டாம்

முதல்ல கசிவைக் கண்டுபிடிங்க, கேஸ் அப்புறம். உங்க ஏசிக்கு ஏற்கெனவே இரண்டு தடவை கேஸ் ஏற்றியாச்சு, மார்ச்சில் ஏற்றியும் மே மாசமே குளிர் போச்சு, மறுபடி ஏற்றலாமான்னு எழுதியிருக்கீங்க. ஏசியில் குளிர் தர்ற கேஸ், பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருளில்லை. குழாய்க்குள்ளேயே சுற்றி வரும். குறைஞ்சா, வெளியே போகுதுன்னுதான் அர்த்தம்.

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில், மொட்டை மாடியில், அவுட்டோர் யூனிட் கடலைப் பார்த்து நிற்குதுன்னா எனக்கு உப்புக் காத்து மேலதான் சந்தேகம். எங்க கீழக்கரை வீட்டு யூனிட்டில் பின்பக்க அலுமினியத் தகட்டை விரலால் தொட்டேன், வெள்ளைப் பொடியா உதிர்ந்தது. உள்ளே வளைவில் ஒரு இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு, அதில் தூசி அப்பியிருந்தது. கேஸோடு எண்ணெயும் கசிஞ்சிருக்கு, ஓட்டை அங்கேதான்.

நீங்களே பார்க்கலாம்:

1. ஏசியை 15 நிமிஷம் ஓட விடுங்க. வெளியே இருக்கிற இரண்டு செம்புக் குழாயில் மெல்லியதில் பனி படிஞ்சா பெரும்பாலும் கேஸ் குறைவு. தடித்த குழாயில் பனின்னா முதலில் ஃபில்டரைக் கழுவுங்க.

2. மெயினை அணைச்சிட்டு, நட்டு இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்க. குமிழி வந்தா நட்டோடு முடியும், செலவும் குறைவு.

குமிழி இல்லைன்னா மெக்கானிக்கிடம் நைட்ரஜன் அழுத்தச் சோதனை கேளுங்க, அதாவது குழாயில் நைட்ரஜனை அடைச்சு அழுத்தம் இறங்குதான்னு பார்க்கிறது. "ஏற்றிப் பார்ப்போம்"னு சொன்னா விடாதீங்க. தகடும் வளைந்த குழாயும் சேர்ந்த பாகத்துக்கு காயில் (coil)னு பேர். அது முழுக்க அரிச்சிருந்தா, ஓட்டையை வெல்டிங் மாதிரி பற்றவைச்சு அடைச்சாலும் நிக்காது, காயிலையே மாத்தணும்.

ஒரு எச்சரிக்கை: ஸ்டிக்கரில் ஆர் 32ன்னு இருந்தா அது தீப்பிடிக்கக் கூடிய கேஸ். உள்ளே மிச்சம் இருக்கும்போது பற்றவைக்க விடவே கூடாது. கம்ப்ரசரே ஓடலைன்னா கோளாறு வேற, கம்ப்ரசரைக் கிளப்ப உதவுற கெபாசிட்டராக இருக்கலாம். அணைச்ச பிறகும் அதில் மின்சாரம் தங்கும், கை வைக்காதீங்க.