புதுக் கம்ப்யூட்டருக்கு மாறும்போது பழைய மெயிலை எப்படிக் கொண்டுபோவது?

கேள்வி: எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் பத்து வருடமாக ஒரே கம்ப்யூட்டர். விண்டோஸ் 10. மெயில் பார்ப்பதெல்லாம் தண்டர்பேர்டில்தான். அலுவலகத்தின் சொந்த டொமைனில் ஒரு முகவரி, ஜிமெயிலில் ஒரு முகவரி. இப்போது விண்டோஸ் 11 போட்ட புது மெஷின் வாங்கியிருக்கிறோம். "தண்டர்பேர்டை இன்ஸ்டால் பண்ணி பாஸ்வேர்டு போட்டால் பழைய மெயில் தானாக வந்துவிடும்" என்கிறார் கடைக்காரர். வருமா? வருமான வரித் துறை நோட்டீஸ், கிளையண்ட் கடிதங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. செட்டிங், ஃபில்டர், முகவரிப் புத்தகம் இவையும் வேண்டும்.
— ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி

பதில்: கடைக்காரர் சொன்னது பாதிதான் சரி. ஜிமெயில் அநேகமாக வந்துவிடும். அலுவலக முகவரியின் பழைய மெயில்கள் பெரும்பாலும் வராது. அவர் சொன்னதை நம்பிப் பழைய டிஸ்க்கை அழித்துவிடாதீர்கள். முதலில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: உங்கள் மெயில் சர்வரில் இருக்கிறதா, இல்லை அந்தப் பழைய கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கிறதா?

தண்டர்பேர்டில் அக்கவுண்ட் செட்டிங்ஸ் போய், ஒவ்வொரு முகவரிக்கும் கீழே உள்ள சர்வர் செட்டிங்ஸைத் திறங்கள். மேலேயே சர்வர் டைப் என்று இருக்கும். அங்கே ஐமேப் என்றிருந்தால் மெயில்கள் சர்வரில் இருக்கின்றன, உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது அவற்றின் நகல். புது மெஷினில் உள்ளே நுழைந்தாலே திரும்ப இறங்கிவிடும். பாப் என்றிருந்தால் கதை வேறு. பாப் முறையில் மெயில் சர்வரிலிருந்து உங்கள் டிஸ்க்குக்கு இறங்கிவிடுகிறது. சர்வரில் நகல் எத்தனை நாள் இருக்கும் என்பது அதே பக்கத்தில் உள்ள செட்டிங்கைப் பொறுத்தது. பல இடங்களில் 14 நாள் என்றிருக்கும். சில இடங்களில் இறங்கிய உடனேயே அழிந்துவிடும். சொந்த டொமைன் வைத்திருக்கும் சின்ன அலுவலகங்களில் சர்வர் இடம் குறைவு என்பதால் பாப் போட்டிருப்பது வழக்கம். உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் பத்து வருடக் கடிதங்களுக்கு இருக்கும் ஒரே பிரதி அந்தப் பழைய டிஸ்க்தான்.

நல்ல விஷயம் என்னவென்றால், தண்டர்பேர்ட் மெயில், கணக்கு செட்டிங், பாஸ்வேர்டு, ஃபில்டர், முகவரிப் புத்தகம் எல்லாவற்றையும் ப்ரொஃபைல் என்ற ஒரே ஃபோல்டருக்குள் வைக்கிறது. அதை முழுசாகக் கொண்டுபோனால் எல்லாமே போய்ச் சேர்ந்துவிடும். மெயிலை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு கணக்கைப் புதிதாகப் போடலாம் என்று ஆரம்பிக்காதீர்கள், வேலை இரட்டிப்பாகும்.

கிளம்புவதற்கு முன் பழைய கம்ப்யூட்டரில் மூன்று வேலை இருக்கிறது. தண்டர்பேர்டைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். ஃபைல் மெனுவில் உள்ள காம்பாக்ட் ஃபோல்டர்ஸ் கட்டளையை ஒருமுறை ஓட்டுங்கள். நீங்கள் அழித்த மெயில்கள் காம்பாக்ட் செய்யும்வரை ஃபைலுக்குள் இடத்தை அடைத்துக்கொண்டேதான் இருக்கும், பல வருட அலுவலக மெயிலில் இது கொஞ்சநஞ்சம் இல்லை. அப்புறம், சர்வர் செட்டிங்ஸ் பக்கத்தின் அடியில் லோக்கல் டைரக்டரி என்ற வரியைக் கட்டாயம் பாருங்கள். யாராவது சி டிரைவ் நிரம்பிவிட்டது என்று மெயிலை டி டிரைவுக்கு மாற்றி வைத்திருந்தால் அது அங்கே தெரியும். அப்படி மாற்றியிருந்தால் ப்ரொஃபைல் ஃபோல்டரைக் காப்பி செய்தாலும் மெயில் அதில் இருக்காது. டி டிரைவில் உள்ள அந்த ஃபோல்டரையும் சேர்த்து எடுத்து, புது மெஷினில் இதே வரியில் அதன் புது இடத்தைக் காட்ட வேண்டும்.

சரி, இப்போது ப்ரொஃபைலைக் கண்டுபிடிப்போம். ஹெல்ப் மெனுவில் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் என்று இருக்கிறது. அதில் ப்ரொஃபைல் ஃபோல்டர் என்ற வரிக்குப் பக்கத்தில் ஓப்பன் ஃபோல்டர் பொத்தான். அதை அமுக்கினால் ஃபோல்டர் திறக்கும். திறந்ததும் தண்டர்பேர்டை மூடிவிட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது காப்பி செய்தால் ஃபைல்கள் பாதியில் அறுந்து வரலாம்.

உள்ளே மெயில் என்ற ஃபோல்டருக்குள், உங்கள் மெயில் சர்வரின் பெயரில் இருக்கும் ஃபோல்டரில் போய்ப் பார்த்தால் இன்பாக்ஸ் என்ற பெயரில் இரண்டு ஃபைல்கள் தெரியும். ஒன்றின் பெயருக்குப் பின்னால் எம்.எஸ்.எஃப். என்று ஒட்டியிருக்கும், அளவு சின்னது. இன்னொன்றுக்கு எந்தப் பின்னொட்டும் இல்லை, ஆனால் சில ஜிபி வரை பெரிதாக இருக்கும். பின்னொட்டு இல்லாததைப் பார்த்துக் குப்பை ஃபைல் என்று நினைப்பவர்கள் உண்டு. அதுதான் உங்கள் இன்பாக்ஸ் கடிதங்கள் மொத்தமும். சின்னது வெறும் அட்டவணை, போனாலும் திரும்ப உருவாக்கிக்கொள்ளலாம். அதே இடத்தில் பாப்ஸ்டேட் என்று ஒரு குட்டி ஃபைலும் இருக்கலாம். எந்தெந்த மெயில் ஏற்கெனவே இறங்கிவிட்டது என்ற கணக்கு அதில் இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் போனால், சர்வரில் மிச்சமிருக்கும் மெயில் எல்லாம் இரண்டாம் முறை இறங்கி இன்பாக்ஸில் இரட்டை இரட்டையாக நிற்கும். ஃபோல்டரை முழுசாக எடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

காப்பி செய்ய பென் டிரைவை விட எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் நல்லது. பென் டிரைவ்தான் இருக்கிறது என்றால் அதன் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் ஃபைல் சிஸ்டம் எது என்று பாருங்கள். ஃபேட்32 என்றிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைல் அதில் ஏறாது, டிரைவில் 50 ஜிபி காலியாக இருந்தாலும். எக்ஸ்ஃபேட் ஆக ஃபார்மட் செய்துகொண்டால் ஏறும், ஆனால் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். வேண்டியதை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தண்டர்பேர்டிலேயே டூல்ஸ் மெனுவில் எக்ஸ்போர்ட் வசதி இருக்கிறது, ஆனால் அதன் ஜிப் ஃபைல் 2 ஜிபி வரைதான் தாங்கும். உங்கள் அலுவலக அளவுக்குப் போதாது. ஒன்ட்ரைவில் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது என்று யாராவது சொன்னாலும் நம்ப வேண்டாம். ஒன்ட்ரைவ் தானாக எடுத்து வைப்பது டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களைத்தான். தண்டர்பேர்ட் ப்ரொஃபைல் வழக்கமாக இருக்கும் இடம் ஆப்டேட்டா, அது இதில் சேராது.

காப்பி முடிந்ததும் பழைய கம்ப்யூட்டரின் இன்டர்நெட்டைத் துண்டித்துவிடுங்கள். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாப் கணக்கில் இரண்டு மெஷினும் ஒரே சமயத்தில் ஓடினால், முதலில் யார் எடுத்தார்களோ அவர்களுக்கே மெயில் என்று ஆகிவிடும். இன்று காலை வந்த நோட்டீஸ் பழைய மெஷினில் இறங்கி, சர்வரில் அழிந்து, நீங்கள் புது மெஷினில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

புது மெஷினில் தண்டர்பேர்டை இன்ஸ்டால் செய்து ஒருமுறை திறங்கள். கணக்கு கேட்கும், எதுவும் போடாமல் ரத்து செய்யுங்கள். பழையபடி ஹெல்ப் மெனு வழியாக ப்ரொஃபைல் ஃபோல்டரைத் திறந்து, தண்டர்பேர்டை மூடி, உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு, பழைய ஃபோல்டரின் உள்ளடக்கத்தை அங்கே ஒட்டுங்கள். ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போட்டுவிடக் கூடாது. பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்: இன்ஸ்டால் ஆனதும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ப்ரொஃபைல் ஃபோல்டர்கள் உருவாகியிருக்கும், அதில் ஒன்று சும்மா கிடப்பது. நேராகப் போய்த் தேடினால் தப்பானதில் ஒட்டிவிடுவீர்கள். ஹெல்ப் மெனு வழியாகப் போனால் சரியானதுதான் திறக்கும். புது மெஷினில் உள்ள பதிப்பு பழையதைவிடக் குறைந்ததாக இருந்தால் தண்டர்பேர்ட் அந்த ப்ரொஃபைலைத் திறக்க மறுக்கும். அப்போது புதிய பதிப்பை இறக்கிப் போட்டால் போதும்.

திறந்ததும் ஜிமெயில் திரும்ப உள்நுழையச் சொல்லலாம், செய்துவிடுங்கள். ஏதாவது ஃபோல்டர் காலியாகவோ குழப்பமாகவோ தெரிந்தால் அதன் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ரிப்பேர் ஃபோல்டர். நான் சொன்ன அட்டவணை ஃபைல் புதிதாக எழுதப்படும், மெயில்கள் தெரியத் தொடங்கும். அப்புறம் உங்களிடம் இருப்பதிலேயே பழைய கடிதம் ஒன்றைத் தேடி எடுத்து, அட்டாச்மெண்ட் திறக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பி, வந்து சேர்கிறதா என்றும் பாருங்கள்.

தண்டர்பேர்டுக்குப் பதில் கிளாசிக் அவுட்லுக் வைத்திருப்பவர்களுக்கு: எடுக்க வேண்டியது பி.எஸ்.டி. ஃபைல், வழக்கமாக டாக்குமெண்ட்ஸில் அவுட்லுக் ஃபைல்ஸ் என்ற ஃபோல்டரில் இருக்கும். ஓ.எஸ்.டி. என்றிருப்பதை விட்டுவிடலாம், அது சர்வரின் நகல். அவுட்லுக்கின் கணக்கு செட்டிங் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் இருப்பதால் ஃபைலோடு வராது, புதிதாகத்தான் போட வேண்டும்.

கடைசியாக, நீங்கள் காப்பி எடுத்த அந்த டிரைவில் உங்கள் அலுவலகப் பாஸ்வேர்டுகளும் இருக்கின்றன. ப்ரைமரி பாஸ்வேர்டு (சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் தனிப் பாஸ்வேர்டு) வைக்காத ப்ரொஃபைல் என்றால், டிரைவ் யார் கையில் கிடைத்தாலும் உங்கள் மெயிலைத் திறந்துவிடலாம். கிளையண்டுகளின் பான், வங்கி விவரம் எல்லாம் அதில் இருக்கும். பேக்கப்பாக வைத்துக்கொள்வதானால் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள், இல்லையென்றால் அழித்துவிடுங்கள். பழைய கம்ப்யூட்டரை மட்டும் ஒரு மாதமாவது கைவைக்காமல், இன்டர்நெட் கொடுக்காமல் அப்படியே வைத்திருங்கள். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்றே நிறுத்திவிட்டது. அதனால் அந்த மாதம் முடிந்த பிறகும் அதை வேலைக்கு எடுக்க வேண்டாம். விற்பதாக இருந்தால் டிஸ்க்கைக் கழற்றி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.