சத்தம் மேலேயா, கீழேயா?

வாகனம்: கேள்வி - பதில்

கேள்வி: ஜெனரல் மோட்டார்ஸின் 6.2 லிட்டர் எல்87 வி8 என்ஜினுக்கான ரீகாலில் (கோளாறுக்காக வண்டிகளைத் திரும்ப அழைப்பது), சோதனையில் தேறிய வண்டிகளுக்கு வெறும் ஆயிலை மட்டும் மாற்றித் தருகிறார்களே, அது போதுமா? (ஹூஸ்டன் வாசகர்)

பதில்: பேரிங் (சுழலும் தண்டைத் தாங்கும் உலோக வளையம்) கெடாத என்ஜினுக்குப் போதும் என்பது நிறுவனத்தின் கணக்கு. 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்த ரீகால் இது. 2021 முதல் 2024 வரையிலான சில்வராடோ, சியரா, டாஹோ, யூகான், எஸ்கலேட் என அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 லட்சம் வண்டிகள். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடிலும், கிராங்க் ஷாஃப்ட் என்ற சுழல்தண்டின் ஆயில் துளைகளிலும் தங்கிப்போன கசடு ஒரு கோளாறு. அளவும் மெருகும் பிசகிய கிராங்க் ஷாஃப்ட் இன்னொன்று. இரண்டும் தின்பது பேரிங்கைத்தான். அதனால்தான் 0டபிள்யூ-20 ஆயிலுக்குப் பதில் இன்னும் தடித்த 0டபிள்யூ-40. 150 டிகிரி சூட்டில் 20 கிரேடு ஆயிலின் பிசுபிசுப்பு 2.6 சென்டிபாய்ஸ் இருந்தாலே தேறிவிடும். 0டபிள்யூ-40க்குக் குறைந்தது 3.5 வேண்டும். படலம் தடித்தால் சின்னப் பிசகைத் தாங்கும். ஏற்கெனவே கீறல் விழுந்த பேரிங்கை எந்த ஆயிலும் ஆற்றாது.

ஊற்ற வேண்டியது 8 குவார்ட், அதாவது 7.6 லிட்டர். ஆயில் ஊற்றும் மூடியையும் மாற்றினார்களா என்று பாருங்கள். பழைய மூடி இருந்தால், அடுத்த மெக்கானிக் அதிலிருப்பதைப் படித்துவிட்டு 20ஐயே ஊற்றிவிடுவார். கழற்றிய ஃபில்டரைத் தூக்கிப் போடாமல் வெட்டி, காகித மடிப்புகளை வெயிலில் விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டாத மினுமினுப்பு தெரிந்தால் பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

காதும் உதவும். மேலிருந்து ‘டிக் டிக்’ என்று, கிராங்க் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை கேட்டால் வால்வைத் தூக்கும் லிஃப்டர். கீழிருந்து சுத்தியல் மாதிரி கனமாக, ஆக்ஸிலரேட்டருக்கு ஏற்றபடி வேகம் கூடிக் கேட்டால் கனெக்டிங் ராடின் பேரிங். அப்போது வீடு வரைகூட ஓட்டாதீர்கள். டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: கார்வெட் இசட்06 மட்டும் ஏன் ஃபெராரி மாதிரி அலறுகிறது? (டல்லாஸ் வாசகர்)

பதில்: அதன் 5.5 லிட்டர் எல்டி6-இல் இருப்பது தட்டைக் கிராங்க். கனெக்டிங் ராடுகள் மாட்டும் பின்கள் 180 டிகிரியில் எதிரெதிரே நிற்பதால் இரு வரிசை சிலிண்டர்களும் மாறி மாறி வெடிக்கும். எக்ஸாஸ்ட் துடிப்புகள் சம இடைவெளியில் வரும். வழக்கமான வி8-இன் ‘குடுகுடு’ இதில் கிடையாது. கிராங்கின் எதிர் எடையும் குறைவு. 8,600 சுற்று வரை போகிறது, 8,400-இல் 670 குதிரைத்திறன். இதற்குக் கொடுக்கும் விலை, அதிர்வு. ஸ்ட்ரோக்கை (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 80 மில்லிமீட்டரில் நிறுத்தியதும் அதை அடக்கத்தான்.

ஒரு எச்சரிக்கை: இது டிரை சம்ப், அதாவது ஆயிலைத் தனி டாங்கில் வைக்கும் முறை. குளிர்ந்த என்ஜினில் ஆயில் அளவுக் குச்சியை எடுத்துப் பார்த்து, ‘ஆயில் குறைகிறது’ என்று ஊற்றிவிடாதீர்கள். நின்ற வண்டியில் டாங்க் ஆயில் கீழே இறங்கியிருக்கும். என்ஜினை நன்றாகச் சூடேற்றி நிறுத்தி, கையேடு சொல்லும் நேரத்துக்குள் பாருங்கள். அதிகமானால் இன்டேக் வழியே புகைதான்.

கேள்வி: ராம் 1500-இன் 540 குதிரைத்திறன் ஹரிகேன் என்ஜினுக்கு 87 ஆக்டேன் பெட்ரோல் போட்டால்? (அட்லாண்டா வாசகர்)

பதில்: போடாதீர்கள். 3 லிட்டர் ஆறு சிலிண்டரில் இரண்டு டர்போ 26 பிஎஸ்ஐ வரை காற்றைத் திணிக்கின்றன. அதற்கு 91 வேண்டும். 87 என்றால், பெட்ரோல் தாறுமாறாக வெடிப்பதைக் கண்டுபிடிக்கும் நாக் சென்சார் இக்னிஷனைத் தாமதப்படுத்தும், காசு கொடுத்து வாங்கிய சக்தி போய்விடும். டிரெய்லர் இழுக்கும்போது இன்னும் மோசம். அமெரிக்க 91 நம்மூர்க் கணக்கில் ஏறக்குறைய 95, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ஃபோர்டின் 7.3 லிட்டர் ‘காட்சில்லா’ என்ஜினுக்கு வெறும் 430 குதிரைத்திறன்தானா? (சிகாகோ வாசகர்)

பதில்: பந்தயத்துக்கு வந்த என்ஜின் அல்ல. இரும்பு பிளாக், வால்வுகளைத் தள்ளித் திறக்கும் புஷ்ராட், சிலிண்டருக்கு வெளியே பெட்ரோல் தெளிக்கும் போர்ட் இன்ஜெக்‌ஷன். நாள் முழுக்கப் பாரம் இழுக்கும் சூப்பர் டியூட்டி பிக்அப்புக்காக 2020-இல் வந்தது.