பணம் கட்டித்தான் ஆய்வுக் கட்டுரை வெளியிட வேண்டுமா?

அம்பாசமுத்திரம் மலைச் செடிகள் பற்றி எழுதிய கட்டுரையை மூன்றே நாளில் வெளியிட ஓர் இதழ் நாலாயிரம் ரூபாய் கேட்கிறது, கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டாதீர்கள். துறை தெரிந்தவர்கள் படித்துக் குறை சொல்லி, நீங்கள் திருத்தி அனுப்பவே மாதக்கணக்கில் ஆகும். மூன்று நாளில் யார் படித்திருப்பார்கள்? பெயரையும் கவனியுங்கள். நெல்லையில் ஓர் அல்வாக் கடை பெயரெடுத்தால் அதே சாயலில் நாலு பலகை முளைக்குமே, இதழ்களிலும் அந்தக் கதைதான்.

பணம் கேட்டாலே போலி என்றும் சொல்ல முடியாது. வாசகர் இலவசமாகப் படிக்க, எழுதியவரிடம் கட்டணம் வாங்கும் நல்ல இதழ்கள் உண்டு. ஆனால் அந்தத் தொகை பல சமயம் லட்சத்தைத் தாண்டும். மிக ஏழை நாடுகளுக்குப் பதிப்பகங்கள் தள்ளுபடி தருகின்றன. இந்தியா பெரும்பாலும் அந்தப் பட்டியலில் வராது. உதவித்தொகையில் காலம் தள்ளுகிறவர் எங்கே போவார்?

சரி, வழி இல்லாமல் இல்லை. உங்கள் பொருளுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வரும் 'ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்டு டாக்ஸா' பொருத்தம். மேற்குத் தொடர்ச்சி மலை உயிர்கள் அதில் நிறைய வரும். 1934-இல் சி.வி. ராமன் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதமியின் இதழ்களையும் பாருங்கள்.

அப்புறம், பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஏற்ற இதழ்களின் 'கேர்' பட்டியலில் இருக்கிறோம் என்று உங்களிடம் பணம் கேட்கும் இதழ் சொன்னால் நம்ப வேண்டாம். 2025 பிப்ரவரியிலேயே அந்தப் பட்டியலைக் கைவிட்டுவிட்டார்கள். முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் கட்டுரை வெளியிடுவது கட்டாயம் என்ற விதியையும் யுஜிசி 2022-இல் எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கிறதா என்று மட்டும் நெறியாளரிடம் விசாரியுங்கள்.