ஜிங்: பூசல் அடங்கிய எழுத்தா?

அன்புள்ள ஐயா,

தியான வகுப்பில் அமைதியைக் குறிக்கும் 'ஜிங்' என்ற சீன எழுத்தைக் காட்டினார்கள். இடப்பாதி நீலவானம், வலப்பாதி பூசல். வானத்தின் முன் பூசல் அடங்குவதே அமைதி என்றார்கள். அதைச் சட்டமிட்டு மாட்ட விரும்புகிறேன். 16 கீற்றுகள் கொண்ட பழைய வடிவமா, 14 கீற்றுகள் கொண்ட எளிய வடிவமா, எது சிறந்தது?

க.

அன்புள்ள க.,

எது அழகாகத் தோன்றுகிறதோ அதை மாட்டிக்கொள்ளுங்கள். அந்த விளக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். அழகாக இருப்பதாலேயே ஒரு சொற்பிறப்பை ஏற்பது சோம்பல். பெரும்பாலான சீன எழுத்துகளில் ஒரு பாதி பொருளையும் மறுபாதி ஒலியையும் சுட்டும். இரு கைகள் ஒன்றைப் பற்றி இழுக்கும் உருவிலிருந்து வந்த, பூசலைக் குறிக்கும் வலப்பாதியான 'ஜெங்' இங்கே ஒலிக்காக மட்டுமே நிற்கிறது என்று, கி.பி. 100 அளவில் 9,353 எழுத்துகளுக்கு விளக்கம் எழுதிய ஷூ ஷென் கூறிவிட்டார். இடப்பாதியும் வானமன்று, நீலத்துக்கும் பச்சைக்கும் பொதுவான நிறப்பெயர்.

ஜிங்குக்கு அவர் தரும் பொருளும் அமைதி அன்று, 'கூர்ந்து ஆராய்தல்'. அவருக்கு உரை எழுதிய துவான் யூட்சாய் (1735–1815), வண்ணங்கள் உரிய இடத்தில் உரிய அளவில் அமைவதே ஜிங் என்கிறார். உள்ளம் ஒவ்வொரு சொல்லையும் செயலையும் அவ்வாறே அளந்து நடத்துமானால், எல்லையற்ற உழைப்புக்கு நடுவிலும் குழப்பம் இராது, அதுவும் ஜிங்கே என்று விரிக்கிறார். சந்தடியின்மைக்கு உரிய மூல எழுத்து வேறு, அதில் நிறத்தின் இடத்தில் 'நிற்றல்' இருக்கும் என்பதும் அவர் கருத்து. அங்கும் அதே 'ஜெங்' ஒலிக்காக நிற்பதைப் பாருங்கள். உங்கள் பூசல் எங்கே அடங்கியது?

கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் இந்த எழுத்தை ஓய்வு என்றே எண்ணியிருந்தவன்தான். சிங்கப்பூரில் வேலை பார்த்த நாட்களில் ஒரு முதியவரிடம் தூரிகை எழுத்துப் பயின்றேன். கீழே உணவங்காடி, தட்டுகளின் ஓசையும் கூவலும் சன்னல் வழியே ஏறி வந்துகொண்டே இருக்கும். ஜிங்கின் கடைசிக் கீற்று மேலிருந்து நேராக இறங்கி, அடியில் இடப்பக்கம் கொக்கியாகத் திரும்பும். தயங்கினால் மை ஊறிப் பரவிவிடும். விரைந்தால் கோடு சாயும். ஒரு மாதம் முழுக்க அந்த ஒற்றை எழுத்தையே எழுதவைத்தார். பொறுக்க மாட்டாமல் ஒருநாள், சன்னலைச் சாத்தலாமா என்று கேட்டேன். அவர் என் தாளைத் தம் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, கோடு இன்னும் சாய்கிறது என்று மட்டும் சொன்னார்.