மாதவிடாய் நின்ற பிறகு கொழுப்பு எலும்பைக் காக்குமா?

கேள்வி: எனக்கு வயது 56. மாதவிடாய் நின்று ஐந்து வருடம் ஆகிறது. அதற்குள் 9 கிலோ கூடிவிட்டது, பெரும்பாலும் வயிற்றில்தான். ‘கொழுப்பு இருந்தால்தான் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கிடைக்கும், எலும்புக்கு நல்லது, இளைக்காதே’ என்கிறாள் தோழி. சரியா?

பதில்: தோழி சொல்வதில் பாதி உண்மை. சினைப்பைகள் ஓய்ந்த பிறகும் சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் ஆண்ட்ரோஜன் வகை (ஆண் ஹார்மோன் வகை) ஹார்மோன்களைச் சுரந்துகொண்டே இருக்கும். கொழுப்புத் திசுவில் உள்ள அரோமடேஸ் என்ற நொதி அவற்றை எஸ்ட்ரோன் என்ற ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. கொழுப்பு கூடக் கூட இதுவும் கூடும்.

இன்னொன்றும் நடக்கிறது. பாலின ஹார்மோன்களைப் பிடித்துவைக்கும் ஒரு புரதம் கல்லீரலில் உருவாகிறது. வயிற்றுக் கொழுப்பும் இன்சுலினும் ஏறினால் அந்தப் புரதம் குறையும். அப்போது பிடிபடாமல் திரியும் ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன் இரண்டும் அதிகமாகும்.

இதில்தான் எனக்குக் கவலை. மாதவிடாய் இருந்த காலத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் கருப்பையின் உட்சுவரைக் கட்டுக்குள் வைத்திருந்தது. இப்போது அது இல்லை. ஈஸ்ட்ரோஜன் மட்டும் தொடர்ந்து தூண்டினால் உட்சுவர் தடிக்கும். உடல் பருமன் உள்ளவர்களுக்கு இந்த வயதில் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயும் மார்பகப் புற்றுநோயும் வரும் வாய்ப்பு கூடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எலும்பு? மிகவும் ஒல்லியானவர்களுக்கு எலும்பு தேய்வது அதிகம் என்பது உண்மைதான். அதற்காக வயிற்றுக் கொழுப்பை வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. எலும்புக்கு வேண்டியது தசை. பட்டினி கிடந்து இளைத்தால் தசையும் எலும்பும் சேர்ந்து கரையும், அதைச் செய்யாதீர்கள். வாரம் இரண்டு நாளாவது எடை தூக்கும் பயிற்சி, வாரத்துக்கு மொத்தம் 150 நிமிட வேக நடை, ஒவ்வொரு வேளையும் போதிய புரதம், இப்படி நிதானமாகக் குறையுங்கள். இப்போதைய எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே ஈஸ்ட்ரோஜன் இறங்கும், ஹார்மோன்களைப் பிடித்துவைக்கும் அந்தக் கல்லீரல் புரதமும் ஏறும். எடையைவிட இடுப்புச் சுற்றளவை அளந்து பாருங்கள். தசை கூடும்போது எடை அவ்வளவாக இறங்காது.

இதற்காக ஹார்மோன் பரிசோதனை தேவையில்லை. எலும்பு பற்றிப் பயமிருந்தால் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அப்புறம் ஒன்று: இனி ஒரு துளி இரத்தப்போக்கு வந்தாலும், ‘திரும்ப மாதவிடாய் வந்துவிட்டது போல’ என்று இருந்துவிடாமல் அந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.