மூச்சு முட்டுகிறது, ஆனால் ரிப்போர்ட் எல்லாம் சரியாம்

கேள்வி: டொக்டர், எனக்கு 34 வயது, புதுக்குடியிருப்பு. ஒரு வருசமாக, சனம் நெருக்கும் பஸ்ஸில் ஏறினாலோ திடீரென்று வெடிச்சத்தம் கேட்டாலோ மூச்சு முட்டுகிறது. எவ்வளவு இழுத்தாலும் காற்று அடிவரை போவதில்லை. நெஞ்சு படபடக்கிறது, விரல்களும் வாயைச் சுற்றியும் விறைக்கிறது. போன மாதம் கைவிரல்கள் மடங்கி இறுகியே போய்விட்டன. மூன்று தரம் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன், ஈசிஜி, எக்ஸ்ரே, இரத்தம் எல்லாம் சரியாம். நடிக்கிறேன் என்கிறார்கள். மாமி நூல் கட்டிவிட்டார். நான் சாகப்போகிறேனா?

பதில்: இல்லை தங்கச்சி. நடிப்பும் இல்லை, விரலை அப்படி மடக்கி இறுக்க யாராலும் நடிக்க முடியாது.

உங்களுக்குக் காற்று போதாமல் இல்லை, கூடிப்போகிறது. பயம் வந்ததும் அட்ரினலின் சுரந்து, ஓடு அல்லது சண்டைபிடி என்று உடம்பைத் தயார்ப்படுத்துகிறது, ஆனால் நீங்கள் ஓடவில்லை, பஸ் சீற்றில் இருந்தபடி நிமிடத்துக்கு 12 முதல் 20 தரம் விடவேண்டிய மூச்சை முப்பது தரம் விடுகிறீர்கள். இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்துவிடுகிறது. அதனால் மூளைக்குப் போகும் நாளங்கள் சுருங்கித் தலை சுற்றுகிறது, இரத்தத்தின் காரத்தன்மை கூடிக் கல்சியத்தின் வேலை குழம்புவதால் விரல் விறைத்து மடங்குகிறது. விரலில் மாட்டும் கருவியில் ஒட்சிசன் அந்த நேரமும் அநேகமாக 98, 99 என்றுதான் காட்டும். இன்னும் இன்னும் ஆழமாக இழுக்கப் பார்க்கிறீர்களே, அதுதான் நெருப்புக்கு எண்ணெய் ஊற்றுகிறது.

சரி, அந்த நேரம் என்ன செய்வது? இழுப்பதை விடுங்கள், வெளியே விடுவதில் கவனம் வையுங்கள். மூக்கால் மெதுவாக நாலு எண்ணும்வரை எடுத்து, சுடுதேத்தண்ணியை ஊதி ஆற்றுவதுபோல ஆறு எண்ணும்வரை விடுங்கள், நெஞ்சு அல்ல வயிறு எழும்ப வேண்டும். சும்மா இருக்கும்போதே காலையும் மாலையும் பத்து நிமிடம் பழகினால்தான் பஸ்ஸில் கைகொடுக்கும். கடதாசிப் பையை வாயில் பிடிக்கச் சொல்லுவார்கள், வேண்டாம், தொய்வோ இருதய வருத்தமோ இருந்தால் அது ஆபத்து. பதற்றம் வழக்கமாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும்.

தைரொயிட்டும் இரத்தசோகையும் பார்க்காவிட்டால் ஒருமுறை பாருங்கள். நெஞ்சு நோ இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், நடக்கும்போது மூச்சு இளைத்தால், மயங்கி விழுந்தால் யோசிக்காமல் 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

2009 இல், யுத்தத்தின் கடைசி மாதங்களில், உங்களுக்குப் பதினேழு, பதினெட்டு வயது இருந்திருக்கும். அந்தச் சத்தங்களை உடம்பு மறக்கவில்லை என்றால் அது உங்கள் பிழை இல்லை. மாமியின் நூல் இருக்கட்டும், அவரோடு சண்டை வேண்டாம், ஆனால் மாவட்ட ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்கும் போங்கள், காசு இல்லை. விசர் என்பார்கள் என்று பயந்து வருசக்கணக்காக மூச்சு முட்டியே வாழ்ந்தவர்களைப் பார்த்து எனக்கு மனம் நொந்திருக்கிறது. போக முடியாத நாளில் மனநல உதவிக்கான 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துக் கதைக்கலாம்.

பஸ்ஸை மட்டும் விட்டுவிடாதீர்கள், விட்டால் பயம் வளரும். முதலில் கணவரோடு விசுவமடுவரை, அடுத்த கிழமை தருமபுரம், அப்புறம் தனியாகப் பரந்தன்வரை போய்ப் பாருங்கள்.