கசப்புக்கு முன் மணம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஏல் வகை பீர்களைப் பற்றித் தாங்கள் எழுதியதைப் படித்தபின், நண்பர் ஒருவர் பரிசளித்த டபுள் ஐ.பி.ஏ. குப்பியை (இந்தியா பேல் ஏல் என்பதன் வலுவான வகை, ஆல்கஹால் 8.5 சதவீதம்) மிகுந்த எதிர்பார்ப்புடன் திறந்தேன். இந்தியாவுக்கு வரும் நீண்ட கடற்பயணத்தைத் தாங்குவதற்காகவே, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் மலர்களை மிகுதியாகச் சேர்த்துக் காய்ச்சப்பட்ட பீர் அது என்று அறிந்திருந்ததால், வைக்க வைக்க மேம்படும் என நம்பி அலமாரியில் எட்டு மாதம் வைத்திருந்தேன். ஆனால் கிடைத்ததோ நனைந்த அட்டைப்பெட்டியின் வாசனை, தேன் போன்ற ஒரு தித்திப்பு, அதன் பின்னால் நாக்கைவிட்டு அகலாத கசப்பு. இந்தக் கசப்பைப் புகழ்வது வெறும் பாவனைதானா? அல்லது எனக்குச் சுவைக்கத் தெரியவில்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் நாக்கும் மூக்கும் சரியாகவே சொல்லியிருக்கின்றன. நனைந்த அட்டையின் வாசனையும் தேனின் சாயலும் ஆக்சிஜன் பட்டுப் பழசான பீரின் அடையாளங்கள். நீங்கள் பருகியது ஐ.பி.ஏ. அன்று, ஐ.பி.ஏ.யாக இருந்து முடிந்துபோன ஒன்று.

உங்களைத் தவறாக வழிநடத்தியது அந்தப் பெயருக்குள் இருக்கும் வரலாறுதான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் நங்கூரமிட்ட துறைக்கு அருகே லண்டனின் போ பகுதியில் இருந்த ஹாட்ஜ்சனின் பீர் ஆலையிலிருந்து வெளிர்நிற ஏல் (பேல் ஏல்) கல்கத்தாவுக்கும் மதராஸுக்கும் சென்றது. 1820களில் இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்துப் பீர் ஆலையான ஆல்சாப் அந்த வணிகத்துக்குள் நுழைந்தபின், ஜிப்சம் என்ற தாது நிறைந்த அவ்வூர் நீரில் காய்ச்சிய பீர் இன்னும் தெளிவாகவும் கூர்மையாகவும் அமைந்தது. ஹாட்ஜ்சன் கடற்பயணத்துக்கென்றே ஒரு பீரைக் கண்டுபிடித்தார் என்பது பின்னால் சேர்ந்த கதை. வெப்பநாடுகளுக்குப் போகும் பீரில் ஹாப்ஸைக் கூட்டும் வழக்கம் முன்பே இருந்தது. அன்றைய அளவுகோலில் அது அப்படியொன்றும் கடுமையான பீரும் அன்று.

இருந்தும் அந்தப் பழைய பீர் மரப்பீப்பாயில் மாதக்கணக்கில் முதிர்வதற்கென்றே காய்ச்சப்பட்டது. அந்த முதிர்ச்சியில் பங்குகொண்ட ஒரு தனி ஈஸ்ட்டை 1904இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையைச் சேர்ந்த கிளாவுசன் அடையாளம் கண்டு, பிரிட்டனின் பெயராலேயே அதை பிரெட்டனோமைசிஸ் என்று அழைத்தார். சிறு ஆலைகள் காய்ச்சும் இன்றைய கிராஃப்ட் ஐ.பி.ஏ.யின் மூதாதை அந்தப் பீப்பாய் என்பதைவிட, அமெரிக்காவின் ஆரிகனில் வளர்த்தெடுக்கப்பட்டு 1972இல் வெளியான கஸ்கேட் என்ற ஹாப்ஸ் ரகம்தான் என்று சொல்வேன். 1975இல் ஆங்கர் ஆலையின் லிபர்ட்டி ஏலிலும் 1980இல் சியரா நெவாடாவின் பேல் ஏலிலும் அந்த ரகம் பம்பளிமாஸின் மணத்தைப் பீருக்குள் கொண்டுவந்தது. நீங்கள் திறந்த டபுள் வகையை முதன்முதலில் 1994இல் கலிஃபோர்னியாவில் வின்னி சிலுர்சோ காய்ச்சினார் என்று பொதுவாகச் சொல்வார்கள். சிம்கோ, சிட்ரா, மொசைக் என்று பின்னால் வந்த ரகங்கள் எல்லாம் மணத்துக்காகவே கொண்டாடப்படுபவை. அந்த மணமோ நிலையற்றது.

ஏன் நிலையற்றது என்பதை உலர்ந்த ஹாப்ஸ் மலர் ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் கண்ணாலேயே காணலாம். காகிதம் போன்ற இதழ்களுக்கிடையே மகரந்தம்போல மஞ்சள் துகள் ஒட்டியிருக்கும்; லுபுலின் என்று பெயர். கை பிசுபிசுக்கும்; முதலில் எலுமிச்சைத் தோல், பிறகு பைன் மரத்துப் பிசின், பிறகு பச்சைப்புல் என்று மணம் மாறிக்கொண்டே இருக்கும். அந்தத் துகளில் இரண்டு செல்வங்கள் உள்ளன. ஒன்று ஆல்ஃபா அமிலங்கள்: நீண்ட நேரம் கொதித்தால்தான் அவை உருமாறிக் கரைந்து கசப்பைத் தரும். மற்றொன்று எண்ணெய்கள்: கொதித்தால் ஆவியாகிப் போய்விடும். ஆகவே காய்ச்சுபவர் ஒரு பகுதி ஹாப்ஸைக் கொதியின் தொடக்கத்திலும், மற்றொரு பகுதியைக் கொதி அடங்கும் நேரத்திலும், இன்னொரு பகுதியைப் பீர் குளிர்ந்து நொதித்த பின்னரும் இடுகிறார். கடைசியில் இடுவதைத்தான் டிரை ஹாப்பிங் என்கிறார்கள். உங்கள் அலமாரியில் எட்டு மாதத்தில் முதலில் விடைபெற்றுக்கொண்டது இந்தக் கடைசிப் பகுதியின் மணம். அது போனபின் கசப்பு துணையின்றித் தனியே நின்றது. அதைத்தான் நீங்கள் விழுங்க நேர்ந்தது. கசப்பைப் புகழ்கிறவர்கள் பாவனை செய்யவில்லை. மணத்தோடு சேர்ந்து வந்த கசப்பைத்தான் அவர்கள் புகழ்கிறார்கள்.

இனி எப்படிச் சுவைப்பது என்பதற்கு வருகிறேன். குளிர்பெட்டியிலிருந்து எடுத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் வெளியே வையுங்கள்; கடுங்குளிரில் மணம் எழாது, 7 முதல் 10 டிகிரி செல்சியஸ் வரை இந்த வகைக்குப் பொருந்தும். குப்பியிலிருந்தே குடிக்க வேண்டாம். வாய் சற்றுக் குறுகிய கண்ணாடிக் கோப்பையில், இரண்டு விரல் நுரை எழும்படி ஊற்றி, நுரை உயிரோடு இருக்கும்போதே முகருங்கள். முகர்ந்தபின் ஒரு மிடறு அருந்தி, விழுங்கியதும் மூக்கு வழியாக மெல்ல மூச்சை விடுங்கள். நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி அந்த மூச்சில்தான் இருக்கிறது. பழத்தின் சாயல் அங்கே ஒரு முறை எழுந்து, பிறகுதான் கசப்பு வரும்.

தமிழில் எண்ணுகிற நமக்கு இங்கே ஒரு வசதி உண்டு. கசப்பையும் துவர்ப்பையும் வெவ்வேறு சுவைகளாகவே நம் மொழி பிரித்து வைத்திருக்கிறது. நல்ல ஐ.பி.ஏ.யில் கசப்பு உறுதியாக எழுந்து, சற்று நின்று, அடுத்த மிடறுக்கு இடம்விட்டு விலகும். வாய் வறண்டு நாக்கு இழுப்பதுபோல் இருந்தால் அது துவர்ப்பு. இலைப்பகுதியின் சாரம் அளவுக்கு மீறி இறங்கியிருக்கிறது என்று பொருள். டிரை ஹாப்பிங் மிகுந்த பீர்களில் இதை நான் பலமுறை உணர்ந்திருக்கிறேன், அதைக் குறை என்றே கருதுகிறேன். எட்டரை சதவீத ஆல்கஹாலும் அப்படித்தான்: தொண்டையில் லேசான வெதுவெதுப்பாகத் தெரியலாம், எரியக்கூடாது. மால்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தின், இனிப்பு கசப்புக்கு முட்டுக்கொடுக்கும் அளவுக்கு இருந்தால் போதும்; பாகுபோல் வாயில் தங்கினால் ஹாப்ஸ் அதற்குள் அமிழ்ந்துவிடும். இவ்வளவு வலுவான பீரைச் சிறிய கோப்பையில், மெதுவாக அருந்துவதே முறை.

அடுத்த முறை வாங்கும்போது காலாவதித் தேதியை விட்டுவிட்டு, அடைத்த தேதியைத் தேடுங்கள். அடைத்துச் சில வாரங்களே ஆனதாக, கடையிலும் குளிரில் வைக்கப்பட்டதாக இருக்கட்டும். தகரக்குவளையில் (கேன்) அடைத்தது கிடைத்தால் அதையே எடுங்கள். ஒளி பட்டால் ஹாப்ஸின் கசப்புப்பொருள் சிதைந்து கந்தக நாற்றம் பிறக்கும், பழுப்புக் கண்ணாடி அதை ஓரளவுதான் தடுக்கும். பாதிக் கோப்பையை அருந்தியபின் மீதியைக் கால்மணி நேரம் அப்படியே வைத்து மறுபடி முகருங்கள். முதலில் என்ன மணம் வந்தது, பிறகு அது என்னவாக மாறியது என்று எனக்கு எழுதுங்கள்.